தஞ்சாவூர் – கும்பகோணம், 40 கிலோமீட்டர்தானே என்று கிளம்பும்போது செய்யும் தவறுகள்

வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாளே டயரில் காற்றுப் பார்ப்போம், வழி விசாரிப்போம், விடியற்காலையில் கிளம்புவோம். பக்கத்து ஊர் என்றால் இதில் ஒன்றும் கிடையாது. தஞ்சாவூர்க்காரர் 9 மணி முகூர்த்தத்துக்கு 8.20-க்குச் சாவியை எடுக்கிறார். அய்யம்பேட்டை கடைத்தெருவில் பத்து நிமிடம், பாபநாசத்தில் மண்டப வாசலில் நிற்கும் கார்களால் இன்னொரு பத்து நிமிடம் போகிறது. கும்பகோணத்தில் வண்டி நிறுத்த இடம் தேடி முடிக்கும்போது மேளம் அடங்கி, முதல் பந்தி எழுந்திருக்கும்.

டெல்டாவில் ஒரு பயணம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத் தூரத்தை வைத்துச் சொல்ல முடியாது. என்ன மாதம், என்ன கிழமை, எத்தனை மணி என்று முதலில் பார்க்க வேண்டும்.

கிலோமீட்டரை வைத்து நேரம் கணக்குப் போடுவது

பழைய சாலை கரந்தை, பள்ளியக்ரகாரம், மானாங்கோரை, பசுபதிகோவில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, பாபநாசம், சுந்தரப்பெருமாள் கோவில், தாராசுரம் என்று ஊர் ஊராகப் போகிறது. இவற்றில் பல ஊர்களில் இந்தச் சாலைதான் கடைத்தெரு, இதுதான் பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் கடப்பதும் இதைத்தான். நடுவில் திறந்த சாலை கிடைத்தாலும் சராசரி வேகம் மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டருக்கு மேல் ஏறாது. ஆக, ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம், வண்டி நிறுத்தி நடந்து போய்ச் சேர இன்னொரு கால் மணி என்று வையுங்கள். காலை 8 முதல் 9.30 வரையிலும், மாலை 4 முதல் 6 வரையிலும் என்றால் மேலும் 20 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வந்தபிறகு இந்தக் கணக்கு பாதி மாறியிருக்கிறது. ஊர்களுக்குள் புகாமல் போவதால் நடுப்பகுதி சீக்கிரம் ஓடிவிடும். ஆனால் தஞ்சாவூரை விட்டு வெளியேறுவதும் கும்பகோணத்துக்குள் நுழைவதும் பழையபடிதான். மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதியை அந்த இரண்டு முனைகளும் தின்றுவிடும். புதிய பேருந்து நிலையம், மருத்துவக் கல்லூரிப் பக்கம் வீடு என்றால் ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையைப் பிடிப்பது நல்லது. கரந்தைப் பக்கத்திலிருந்து கிளம்பி அய்யம்பேட்டையிலோ பாபநாசத்திலோ வேலை இருந்தால் பழைய சாலையே போதும்.

நான்குவழியில் நடக்கும் பெரிய தவறு, பிரியும் இடத்தைத் தவறவிட்டவர் அடுத்த பிரிவு வரை போகப் பொறுமை இல்லாமல் எதிர்த்திசையில் திரும்பி வருவது. எதிரே வருகிறவருக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் யோசிக்க நேரமே கிடையாது. தவறவிட்டால் விட்டதுதான், அடுத்த பிரிவில் இறங்கித் திரும்புங்கள். கூடுதலாக ஆகும் ஐந்தாறு கிலோமீட்டருக்கு அரை லிட்டர் பெட்ரோல்கூடச் செலவாகாது. இப்படி எதிரே வரும் டூவீலர்களும் உங்களுக்கு இடது ஓரத்தில்தான் வருவார்கள். அதனால் ஊர்ப் பிரிவு நெருங்கும்போது காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சுங்கச்சாவடி வரும் வழி என்றால் பாஸ்டாக்கில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். செல்லுபடியாகும் பாஸ்டாக் இல்லாமல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிக்குள் நுழைந்தால் வழக்கமான கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

மேப் காட்டுகிற கரைச் சாலையில் இறங்குவது

பிரதான சாலையில் கொஞ்சம் நெரிசல் தெரிந்தால் போன் உடனே 'நாலு நிமிடம் மிச்சம்' என்று இன்னொரு வழியைக் காட்டும். வெளியூர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். காவிரி, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று இங்கே ஆறுகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் கரை உண்டு, பல கரைகளின் மேல் ஒற்றைத் தார்ச்சாலை உண்டு. மேப்புக்கு அதுவும் ஒரு சாலை, அவ்வளவுதான். அதன் அகலம் மூன்று, மூன்றரை மீட்டர் என்பதோ, ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் ஆளுயரப் பள்ளத்தில் வயலும் இருப்பதோ அதற்குத் தெரியாது.

எதிரே டவுன் பஸ்ஸோ நெல் ஏற்றிய டிராக்டரோ வந்தால் யாராவது ஒருவர் ஓரத்தில் இறங்க வேண்டும். கோடையில் அந்த ஓரம் கெட்டியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புல் மூடியிருக்கும், அடியில் களிமண் ஊறிக் கிடக்கும். இடது பக்கச் சக்கரம் இரண்டும் தாரை விட்டு இறங்கியதும் வண்டி பள்ளத்தின் பக்கம் சாயும். பயந்து ஆக்சிலேட்டரை அழுத்தினால் சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழிபறிக்கும். டிராக்டர் வைத்துக் கயிறு கட்டி இழுக்காமல் ஏறாது.

தப்பிக்க வழி எளிது. கிளம்புமுன் மேப்பில் வழியைப் பெரிதாக்கிப் பாருங்கள். போக வேண்டிய கோடு ஆற்றையோ வாய்க்காலையோ ஒட்டியே வளைந்து வளைந்து போனால் அது கரைச் சாலை. வழியில் இரண்டு ஊர்களை நிறுத்தங்களாகச் சேர்த்துவிட்டால், உதாரணமாக அய்யம்பேட்டையும் பாபநாசமும், போன் உங்களைக் குறுக்கே இழுக்காது. தெரியாமல் இறங்கிவிட்டீர்கள் என்றால், எதிரே வண்டி தெரிந்ததும் நகராமல் நின்றுவிடுங்கள். மதகோ வீட்டு வாசலோ படித்துறைத் திருப்பமோ எங்கே அகலம் கிடைக்கிறதோ அங்கே ஒதுங்க வேண்டும். நாலு அடி பின்னால் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பெரிய வண்டி பின்னால் போவதைவிடக் கார் பின்னால் போவது சுலபம்.

ஆடி 18 அன்று கரைச் சாலைகளை மறந்தே விடுங்கள். படித்துறைக்குப் படித்துறை பெண்களும் பிள்ளைகளும் காதோலை கருகமணி, காப்பரிசி, சப்பரத் தட்டிகளோடு நிறைந்திருப்பார்கள். அன்று அந்தச் சாலை அவர்களுடையது. தை மாதவாக்கில் பகுள பஞ்சமிக்குத் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களிலும், திருவையாறு, கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் போகலாம் என்ற யோசனை வேண்டாம். மற்ற நாட்களில் அது அழகான வழி. ஆனால் வளைவுகள் நிறைய, ஆகவே அவசரமில்லாதவர்களுக்கு மட்டும்.

நெல்லின் காலண்டரைப் பார்க்காதது

குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில். சம்பாவும் தாளடியும் தையில் தொடங்கி மாசி வரை. இந்த மாதங்களில் சாலையின் வேலையே வேறு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் நெல்லை எடுப்பார்கள். வழக்கமான வரம்பு 17 சதவீதம். களம் இல்லாதவர்கள், மழைக்குப் பயந்தவர்கள் எல்லாம் நெல்லைச் சாலையில்தான் காயப்போடுவார்கள். ஒரு பாதி முழுக்க நெல், அதன் ஓரத்தில் வரிசையாகச் செங்கல் துண்டும் கருங்கல்லும் இருக்கும். இருட்டியதும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடி அதன்மேலும் கல் வைப்பார்கள். அந்தக் கறுப்புத் தார்ப்பாய் எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் இரவில் 40 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். பகலில் நெல்லின்மேல் ஏற்றாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாதம். போதாததற்கு, உலர்ந்த நெல்மணிமேல் பிரேக் பிடித்தால் டயர் கோலிக்குண்டின்மேல் உருண்டதுபோல் வழுக்கும்.

பங்குனியை ஒட்டி இன்னொன்று வரும். நெல் அறுத்த வயலில் தெளித்த உளுந்தும் பயறும் முற்றியதும், செடியோடு பிடுங்கிச் சாலையில் பரப்புவார்கள். வண்டிகள் ஏறி மிதித்துத் தந்தால் காய் உடையும் என்பது கணக்கு. அதில் ஏறும் காருக்கு ஆபத்து அடியில் இருக்கிறது. காய்ந்த கொடி சக்கரத்தின் உள்பக்க அச்சில் சுற்றிக்கொள்ளும், கொத்தாகச் சைலன்சருக்கு மேலே செருகிக்கொள்ளும். என்ஜினை ஒட்டிய சைலன்சர் பகுதி ஓடும்போது பல நூறு டிகிரி சூட்டில் இருப்பதால் அது புகைந்து பற்றிக்கொள்ளும். விலகிப் போக இடம் இருந்தால் விலகுங்கள். இல்லையென்றால் மெதுவாகத் தாண்டி, நூறு மீட்டர் தள்ளிச் சுத்தமான தாரில் நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள். தொங்கும் கொடியை ஒரு குச்சியால் இழுத்துவிடுங்கள், வெறுங்கையால் வேண்டாம். செடிப் பரப்பின்மேலேயே வண்டியை நிறுத்துவதுதான் செய்யவே கூடாதது.

அறுவடை இயந்திரம் ஏற்றிய வண்டியும் வைக்கோல் லாரியும் சாலையின் அகலத்தை அடைத்துக்கொண்டு போகும். டிராக்டர் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பின்விளக்கு எரியாது. அறுப்பு முடிந்த வயல்களுக்குப் போகும் வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். சத்தம் கேட்டால் நூறு திசையில் சிதறும். நின்றால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும்.

பஸ்ஸை முந்துவது

பழைய சாலையில் பஸ்கள் நேரத்தைத் துரத்தி ஓடுகின்றன. முன்னால் போகும் பஸ் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் 70-ல் முந்துகிறீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான். பஸ்ஸின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி, உங்கள் கார் எல்லாம் சேர்ந்து 50 மீட்டர் என்றால் ஒன்பது நொடி வலது பக்கம் இருப்பீர்கள். அதற்குள் நீங்கள் 175 மீட்டர் ஓடுகிறீர்கள். எதிரே 60-ல் வருகிற வண்டி 150 மீட்டர் நெருங்கிவிடுகிறது. ஆக 325 மீட்டர் காலியாகத் தெரிந்தால்தான் முந்தலாம். மின்கம்பத்துக்கு மின்கம்பம் 50 மீட்டர் என்று வைத்தால் ஏழு கம்பம் எண்ண வேண்டும். இத்தனைக்கும் கிடைக்கும் லாபம் சொற்பம்: 40 கிலோமீட்டர் முழுக்க 60-க்குப் பதில் 70-ல் போனாலும் மிச்சம் ஆறு நிமிடத்துக்குள்தான். பஸ் அடுத்த ஸ்டாப்பில் எப்படியும் நிற்கும், முந்துவதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியவர்கள் பஸ்ஸுக்கு முன்னால் நுழைந்து கடப்பார்கள், அதைக் கவனித்தபடி.

பகல் 12 மணிக்குப் போய்ச் சேருவது

கோயிலுக்கென்று போகிறவர்கள் 10.30-க்குக் கிளம்புவது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பெரும்பாலான கோயில்களில் 12, 12.30-க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். தஞ்சாவூரிலிருந்து 7 மணிக்குக் கிளம்புங்கள். தாராசுரம் கும்பகோணத்துக்கு முன்னாலேயே வருகிறது, முதலில் அதைப் பாருங்கள். காலைச் சாய்வெயிலில் ஐராவதேசுவரர் கோயிலின் சிறு சிற்பங்கள் துலங்குவதுபோல் உச்சிவெயிலில் துலங்காது. ஊருக்குள் போய்விட்டுத் திரும்பும்போது பார்க்கலாம் என்று தள்ளினால் நெரிசலை இரண்டு தடவை கடப்பீர்கள்.

கும்பகோணத்துக்குள் கும்பேசுவரர் கோயில் வாசல் வரை, சாரங்கபாணி கோயில் வாசல் வரை என்று காரை விடாதீர்கள். கடைத்தெருக்கள் பழைய அகலத்தில் இருக்கின்றன, ஒரு சரக்கு ஆட்டோ நின்றால் தெரு அடைபட்டது. மகாமகக் குளத்துப் பக்கம் நிறுத்திவிட்டு நடங்கள். கும்பேசுவரர் கோயிலுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர்தான், வழியிலேயே சாரங்கபாணி. ஞாயிறு மாலை திருநாகேசுவரத்தில் ராகுகாலப் பாலபிஷேகம் 4.30 முதல் 6 வரை, வியாழக்கிழமை ஆலங்குடியில் குருவுக்குக் கூட்டம். நவக்கிரகச் சுற்றுலா வேன்கள் பலவும் கும்பகோணத்தைத் தாண்டித்தான் போகும். கார்த்திகை நட்சத்திரத்தன்று இந்த நெரிசல் கணக்கில் சுவாமிமலைத் திருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்று, மழை, பூச்சி

டயரில் காற்றை ஓடுவதற்கு முன், குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 பி.எஸ்.ஐ.-க்குள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்க்காதவர்கள்தான் அதிகம். போக வர ஆறு லிட்டர் பெட்ரோல் இருந்தால் தாராளம்.

மழைநாளில் சாலையில் தேங்கிய நீர் முன்னால் போகும் காரின் சக்கரத்தில் பாதிக்கு மேல் ஏறினால் இறங்காதீர்கள். நடுத்தண்ணீரில் என்ஜின் நின்றுபோனால் மறுபடி சாவி போடவே கூடாது. தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஒரே சுற்றில் என்ஜினின் உட்பாகம் வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மார்கழியில் வயல்வெளி முழுக்கப் பனி இறங்கும். அதில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். டிம் லைட்டில், மெதுவாகப் போங்கள்.

ஐப்பசி, கார்த்திகைச் சாயங்காலங்களில் விளக்கு போட்டதும் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி பொடிப்பொடியாகக் கிளம்பிக் கண்ணாடியில் அடிக்கும். உடனே வைப்பரைப் போட்டால் அத்தனையும் நசுங்கி, கண்ணாடி முழுக்கப் பால் பூசியதுபோல் ஆகிவிடும். எதிரே வரும் விளக்கு ஒவ்வொன்றும் அதில் பட்டுப் பரவி, சாலையே தெரியாமல் போகும். முதலில் தண்ணீர் பீய்ச்சுங்கள், மூன்று நொடி ஊறவிட்டு அப்புறம் வைப்பர். கிளம்புமுன் வைப்பர் தொட்டியில் தண்ணீர் நிரப்பி இரண்டு சொட்டு ஷாம்பு விடுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய காட்டன் துணியும் முன்சீட்டிலேயே இருக்கட்டும். பாபநாசம் வரும்போது ஒரு பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் நிறுத்தித் துடைத்துவிட்டு மீதி வழியைப் போடுங்கள்.