சென்சாரை மாற்றியும் தீராத கோளாறு

சேலத்திலிருந்து தர்மபுரிக்குத் திரும்பும்போதெல்லாம், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என் ஆட்டோமேட்டிக் கார் மூன்றாம் கியரிலேயே சிக்கிக்கொண்டு, எஞ்சின் விளக்கை எரியவிட்டது. கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் காட்டியது பி0720, அதாவது கியர்பாக்ஸின் வெளியீட்டு வேக சென்சார் சுற்றில் கோளாறு. இருமுறை சென்சாரை மாற்றியும் (அந்தப் பணம் வீண்தான்) பழுது திரும்பியது. குறியீடு சுட்டுவது ஒயரும் சேர்ந்த முழுச் சுற்றை, சென்சாரை மட்டுமன்று என்பது பிறகுதான் உறைத்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சென்சார் ஒயரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை (இணைப்பு அறாதவரை பீப் ஒலிக்கும் நிலையில்) வைத்து மெல்ல அசைத்துக்கொண்டே வந்தபோது, கியர்பாக்ஸைத் தாங்கும் பிடிமானத்தின் அருகே பீப் ஒலி அறுந்தது. அங்கே நாடாவைப் பிரித்தால், தகட்டு விளிம்பில் உரசி உறை தேய்ந்திருக்க, செம்பு இழைகளில் இரண்டே மிஞ்சிப் பச்சை பூத்திருந்தன. ஏற்றத்தில் எஞ்சின் சற்றே சாயும்போது அவையும் விலகியிருக்க வேண்டும். புதிய ஒயர்த் துண்டை ஈயம் வைத்து இணைத்து, விளிம்பைத் தொடாதபடி விலக்கிக் கட்டியபின், அதே கணவாயைப் பலமுறை ஏறியும் விளக்கு எரியவில்லை.