கூலன்ட் மாற்றும்போது உள்ளே தங்கும் தண்ணீரைக் கணக்கில் எடுங்கள்

வீட்டிலேயே காரின் கூலன்ட்டை, அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவத்தை, மாற்றுபவர்கள் பழையதை வெளியேற்றுவதில்தான் முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் உள்ளே தங்கிவிடுவதால்தான்.

ரேடியேட்டரின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்தால் எல்லாம் வடிந்துவிடாது. இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கணிசமான அளவு அப்படியே நிற்கும். அழுக்குப் போகத் தண்ணீர் விட்டு அலசினால், அந்த இடத்தில் இப்போது வெறும் தண்ணீர். அதன்மேல் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸை ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர், உள்ளே நிற்பது 2 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 3 லிட்டர் ரெடிமிக்ஸ்தான் பிடிக்கும். அதில் அசல் கூலன்ட் ஒன்றரை லிட்டர். 50 சதவீதம் என்று நம்பிக்கொண்டிருப்போம், இருப்பதோ 30. அதனால் அலசினால் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்குங்கள். மேனுவலில் சொன்ன கொள்ளளவில் பாதியை, அதாவது 2.5 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கணக்கு சரியாக வரும்.

“நம்ம ஊரில் பனியா உறையப்போகிறது, தண்ணீரே போதும்” என்பது இன்னொரு வாதம். கூலன்ட் உறைவதைத் தடுப்பதோடு நிற்பதில்லை, கொதிநிலையையும் உயர்த்துகிறது. அலுமினியத்தை அரிப்பிலிருந்து காப்பதும் அதிலுள்ள சேர்மங்கள்தான். போர் தண்ணீரோ சூட்டில் உப்பாகப் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். பக்கத்தில் இருக்கும் பேட்டரி ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு என்பதெல்லாம் கம்பெனிகள் சேர்க்கும் சாயம். மேனுவலில் சொன்ன வகையைப் பாருங்கள். வகை மாறிக் கலந்தால் அரிப்புத் தடுப்பு பலவீனமாகும், சில கலவைகள் கூழாகக் கெட்டிப்படவும் செய்யும்.

அப்புறம், நிரப்பும்போது உள்ளே சிக்கும் காற்று. நிரப்பியதும் மூடியைப் போட்டு ஓட்டிவிடக் கூடாது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை ஐடிலில் விட்டு, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து ஃபேன் சுழலும் வரை காத்திருங்கள். காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ உள்ள வண்டியில் அதையும் மேனுவலில் உள்ளபடி திறக்க வேண்டும். சென்சார் இருக்கும் இடத்தில் காற்று நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதும் மீட்டர் முள் சாதாரணமாகவே காட்டக்கூடும். மறுநாள் இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவு குறைந்திருந்தால் ரிசர்வ் டேங்கில் நிரப்புங்கள்.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். அழுத்தத்தில் அடங்கியிருந்த கொதிநீர் திறந்த நொடியில் முகத்தில் பீறிடும்.

வடித்த கூலன்ட்டைச் சாக்கடையிலோ தெருவிலோ கொட்டாதீர்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது எத்திலீன் கிளைகால். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும். சிறிதளவு போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். கீழே சிந்தியதை உடனே கழுவி, வடித்ததை மூடியுள்ள கேனில் பெயர் எழுதி வைத்து, எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.