ஸ்பார்க்ளிங் ஒயினைச் சரியான குளிரில் பரிமாறுவது: கிருஷ்ணகிரி வெயிலுக்கு ஏற்ற செய்முறை

ஷாம்பெயின் போலக் குமிழ் எழும் ஸ்பார்க்ளிங் ஒயினை ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் வைத்தால் போதும், ஐஸ் வாளியில் இருபது நிமிடம் போதும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. அந்தக் கணக்கு 20 டிகிரி வெப்பத்தில் இருக்கும் வீட்டுக்குச் சரி. கிருஷ்ணகிரியில் ஏப்ரல், மே மாதங்களில் கான்கிரீட் கூரைக்குக் கீழே அலமாரியில் நிற்கும் பாட்டில் 33 டிகிரியைத் தொட்டிருக்கும். ஐஸ் தண்ணீரில் அதை 8 டிகிரிக்கு இறக்க, 20 டிகிரி பாட்டிலுக்கு ஆவதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் ஆகும். ஆகவே கடிகாரத்தை நம்பாமல் அளந்து பார்க்கும் வழியையே இங்கே எழுதுகிறேன்.

எந்த அளவுக்குக் குளிர வேண்டும்?

புருட் எனப்படும் இனிப்புக் குறைந்த வகைக்கு 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் பொருத்தம். பல ஆண்டுகள் பாதாள அறையில் முதிர்ந்து வந்த நல்ல ஷாம்பெயினாக இருந்தால் 8 முதல் 10 வரை விடலாம். அதற்குக் கீழே போனால், எதற்காக அவ்வளவு விலை கொடுத்தோமோ அந்த மணமே எழாது. இனிப்பு வகைகள் இன்னும் சற்றுக் குளிராக, 5 அல்லது 6 டிகிரியில் இருந்தால் திகட்டாது. நம் ஊரில் ஊற்றிய கண்ணாடிக் குவளை சில நிமிடங்களிலேயே சூடேறத் தொடங்கிவிடும் என்பதால், புருட் வகையை 6 டிகிரியில் எடுத்து மேசைக்குக் கொண்டுவருவதே என் வழக்கம்.

குளிர் என்பது சுவைக்காக மட்டும் அன்று. மூடிய ஷாம்பெயின் பாட்டிலுக்குள் ஐந்து முதல் ஆறு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கரியமில வாயு குளிர்ந்த திரவத்தில்தான் நன்றாகக் கரைந்து நிற்கும். சூடான பாட்டிலைத் திறந்தால் வாயு ஒரே மூச்சில் வெளியேறி, பாதி ஒயின் நுரையாகத் தரையில் கொட்டும்.

திறக்கும் நாள் வரை

நீண்ட நாள் வைத்திருக்க 10 முதல் 13 டிகிரி வரையிலான, இருட்டான, அதிராத இடம் தேவை. ஒயினுக்கென்றே விற்கும் குளிர்பெட்டி இல்லாமல் நம் வீடுகளில் அப்படி ஓர் இடம் கிடையாது. ஓசூரின் குளிர்ந்த மாலைகளை நம்பியும் பயனில்லை, ஏனெனில் பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பம் நிலையான வெப்பத்தைவிடக் கெடுதலானது. சாதாரண ஸ்பார்க்ளிங் ஒயின் குடிப்பதற்குத் தயாரான நிலையில்தான் விற்பனைக்கு வருகிறது. ஆகவே, சேமிக்க வேண்டாம், விசேஷத்துக்குச் சில நாள் முன்பு வாங்குங்கள் என்பதே என் கருத்து. இடைப்பட்ட நாட்களில் தரைத்தளத்து மர அலமாரியின் அடித்தட்டு போதும். பரண் வேண்டவே வேண்டாம். வீட்டின் சூடெல்லாம் அங்குதான் போய்ச் சேரும். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் வழியாகக் காரில் குலுங்கி வந்த பாட்டிலை அன்றே திறக்காமல் ஒரு நாள் அசையாமல் வைத்திருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள்.

மாதிரிப் பாட்டில்

மூடியிருக்கும் பாட்டிலுக்குள் வெப்பமானியை விட முடியாது. தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கி வடிவ வெப்பமானி கண்ணாடியின் மேற்பரப்பை மட்டுமே காட்டும் என்பதால் அதற்குச் செலவு செய்ய வேண்டாம். மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: டப்பாவின் தகட்டு வெப்பம் ஒன்று, நடுவில் இருக்கும் கூழின் வெப்பம் வேறு. கம்பி முனை கொண்ட சமையல் வெப்பமானி ஒன்றை வாங்குங்கள்.

அதன் பிறகு, குடித்து முடித்த பழைய ஸ்பார்க்ளிங் பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, உண்மையான பாட்டிலோடு ஒரே அலமாரியில் முந்தைய நாளே வைத்துவிடுங்கள். குளிர்விக்கும்போதும் இரண்டும் அருகருகே இருக்கட்டும். மாதிரியின் நடுவில் கம்பி காட்டும் அளவே மற்றதன் அளவு என்று கொள்ளலாம். சாதாரண ஒயின் பாட்டிலோ பிளாஸ்டிக் பாட்டிலோ இதற்கு உதவாது. ஸ்பார்க்ளிங் பாட்டிலின் கண்ணாடி அழுத்தத்தைத் தாங்குவதற்காகத் தடிமனாக வார்க்கப்பட்டது, அந்தக் கண்ணாடியும் சேர்ந்து குளிர வேண்டும்.

ஐஸ் வாளி

என்னை அதிகம் அலைக்கழித்த படி இதுதான். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பாட்டிலை நிறுத்தினால், கட்டி படும் இடம் மட்டும் குளிரும். மற்ற இடமெல்லாம் காற்று. ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி இருந்தால்தான் கண்ணாடி முழுவதும் குளிர் ஏறும்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் அடுத்த சிக்கல். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் 32 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரைச் சுழியத்துக்கு இறக்கவே ஏறத்தாழ 400 கிராம் ஐஸ் உருகிவிடும். பாட்டிலையும் உள்ளிருக்கும் ஒயினையும் சேர்த்து 8 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டியதோ சுமார் 300 கிராம்தான். அதாவது நாம் வாங்கிய ஐஸில் பெரும்பகுதி தண்ணீருக்கே செலவாகிறது. ஆகவே ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றுங்கள். அது இல்லாவிட்டால் மண்பானைத் தண்ணீர்.

வாளியின் உயரமும் முக்கியம். மேசைமேல் வைக்கும் குட்டையான எவர்சில்வர் ஐஸ் வாளியில் பாட்டிலின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடிப்பகுதி 7 டிகிரியில் இருக்க, கார்க்கை ஒட்டிய ஒயின் வெதுவெதுப்பாகவே இருந்து, திறந்ததும் பொங்கும். குளியலறைக்குப் பயன்படுத்தாத ஆழமான பிளாஸ்டிக் பக்கெட்டே இதற்கு மேல். தண்ணீர் தோள்பட்டையைத் தாண்டிக் கழுத்தின் பாதி வரை நிற்கட்டும். இரண்டு கைப்பிடிக் கல் உப்பைப் போட்டால் தண்ணீர் சுழியத்துக்கும் கீழே இறங்கி வேலை விரைவாக முடியும். இடையிடையே பாட்டிலை மெதுவாகத் திருப்பிவிடுங்கள், குலுக்க வேண்டாம். உப்பில்லாமல் அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக மாதிரிப் பாட்டில் 8 டிகிரியைக் காட்டும். 6 வேண்டுமென்றால் மேலும் சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

திறப்பதும் மிச்சம் வைப்பதும்

கார்க்கின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, கம்பிக் கூண்டின் முறுக்கை ஆறு அரைச் சுற்றுகளில் தளர்த்துங்கள். துண்டால் போர்த்தி, 45 டிகிரி சாய்த்து, கார்க்கைப் பிடித்தபடி பாட்டிலைத் திருப்புங்கள். மின்விசிறியையோ ஆட்களையோ நோக்கித் திறக்காதீர்கள். குவளையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, பாட்டிலை உடனே வாளிக்குத் திருப்பி அனுப்புங்கள்.

மிச்சத்துக்கு, பிடிப்பான் வைத்த ஸ்பார்க்ளிங் அடைப்பானை மாட்டி, ஃபிரிட்ஜில் நிறுத்திவைத்தால் இரண்டு நாள் குமிழ் நிற்கும். கழுத்தில் வெள்ளிக் கரண்டியைச் செருகினால் வாயு போகாது என்பது வெறும் நம்பிக்கை.

பின்சேர்க்கை: ஃபிரீசரில் வைக்கலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். 12 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் சுமார் −5 டிகிரியில் உறையத் தொடங்கும், ஃபிரீசரோ −18 டிகிரியில் இருக்கும். மறந்துபோனால் உறைந்து விரியும் ஒயின் கார்க்கைத் தள்ளும், அல்லது பாட்டிலையே பிளக்கும். பாலக்கோட்டிலிருந்து எழுதிய வாசகர் ஒருவர் தம் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்குக் கீழுள்ள தட்டில் வைத்த பாட்டிலில் ஐஸ் துகள் மிதந்ததாகச் சொன்னார். அவ்வகை ஃபிரிட்ஜில் அந்தத் தட்டும் சுழியத்துக்குக் கீழே குளிரக்கூடும் என்பதால், பாட்டிலைக் காய்கறிப் பெட்டிக்கு மேலுள்ள தட்டில் படுக்கவைத்து, 33 டிகிரியில் தொடங்குகிறீர்கள் என்றால் நான்கரை மணி நேரம் கழித்து மாதிரிப் பாட்டிலை அளந்து பாருங்கள்.