மெகாபிக்சலை விடுங்கள், தலைமுடியைப் பாருங்கள்

குறைந்த விலையில் கேமரா தேடுபவர்கள் பெரும்பாலும் வெயிலில் எடுத்த மாதிரிப் படங்களைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். நல்ல வெயிலில் எந்தக் கேமராவும் அழகாகத்தான் எடுக்கும். அதையும் செல்போன் திரையில் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. என் முதல் கேமராவை நான் அப்படித்தான் வாங்கினேன். வீட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பாட்டியைப் படம் எடுத்தபோதுதான் குறை தெரிந்தது. நரைமுடியில் ஓர் இழைகூடத் தனியாகத் தெரியவில்லை. சுண்ணாம்பு பூசினாற்போல் மொத்தமாக ஒரு வெள்ளைத் திட்டு.

வெளிச்சம் குறைந்தால் கேமரா ஐஎஸ்ஓவை (ஒளிக்கு எவ்வளவு கூர்மையாக எதிர்வினை செய்கிறது என்பதற்கான எண்) ஏற்றும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். அந்தப் புள்ளிகளைக் கேமராவின் மென்பொருள் தேய்த்து அழிக்கும்போது முடி, துணியின் நெசவு, தோலின் சுருக்கம் எல்லாம் சேர்ந்தே அழிந்துவிடும். அதனால் ஒரே காட்சியை, ஒரே ஐஎஸ்ஓவில் (1600, 3200) எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்று 12 மெகாபிக்சல், இன்னொன்று 24 என்றால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் 24-க்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

மெகாபிக்சல் எண்ணுக்கு மயங்க வேண்டாம். 4கே திரையை நிரப்ப 83 லட்சம் பிக்சல், அதாவது 8.3 மெகாபிக்சல் போதும். ஏ4 தாளில் துல்லியமாக அச்சிட ஏறக்குறைய 87 லட்சம். மிக மலிவான சில கேமராக்களில் 48, 64 என்று போட்டிருப்பது, சிறிய சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) தரும் படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கிய கணக்கு.

பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. அதையும் மில்லிமீட்டரில் பாருங்கள், ஏனென்றால் இங்கே அங்குலக் கணக்கு ஏமாற்றும். '1 அங்குல' சென்சார் உண்மையில் 13.2 × 8.8 மி.மீ.தான், பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது. சிறிய கேமராக்களில் சாதாரணமாக இருக்கும் 1/2.3 அங்குல சென்சார் 6.2 × 4.6 மி.மீ. லென்ஸ் மாற்றும் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற பெரிய சென்சாரின் பரப்பு அதைப்போல் சுமார் 13 மடங்கு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் முடி இழை தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே.

ஜூமில் 'ஆப்டிகல்' (லென்ஸே நெருக்கிக் காட்டுவது) என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான்.

வசதிகளின் பட்டியலில் டிக் எண்ணுவதும் வீண். ஓடும் குழந்தையை ஃபோகஸ் பிடித்துத் தொடருமா என்பது எந்தப் பட்டியலிலும் சரியாகத் தெரியாது. சொந்த மெமரி கார்டை எடுத்துப் போய், கடையின் இருண்ட மூலையில் நடந்து வருபவரை நாலைந்து படம் எடுங்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பட்ஜெட் இறுக்கமென்றால், சிறிய சென்சார் கொண்ட புதியதைவிட ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள பழைய கேமராவையே நான் வாங்கச் சொல்வேன். வாங்குமுன் லென்ஸுக்குள் டார்ச் அடித்து, வெள்ளை நூல்போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.