ஊருக்குப் போகும்போது எந்தக் கமரா?

கமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "சூம் எத்தனை மடங்கு?" என்றுதான். யாழ்ப்பாணப் பக்கம் ஊருக்குப் போகிறவர்களுக்கு அது கடைசிக் கேள்வி. கலியாண மண்டபம், சாமத்திய வீடு, விளக்கு வைத்தபிறகு அம்மம்மா வீட்டு விறாந்தை என்று, ஆசையாக எடுக்கும் படங்களில் பலவும் மங்கிய வெளிச்சத்தில்தான் அமையும். அங்கே கைகொடுப்பது சென்சரின் (உள்ளே படம் பதியும் சில்லின்) பரப்பும் லென்ஸின் துளையும்.

30 மடங்கு சூம் உள்ள சிறிய கமராக்களின் சென்சர் பெரும்பாலும் 6.2 × 4.6 மி.மீ. நல்ல ஃபோனில் இதைவிடப் பெரிய சென்சர் இருக்கும். ஆகவே அந்தச் சூமுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். '1 அங்குலம்' என்று விற்கும் சென்சர் 13.2 × 8.8 மி.மீ. பெயரில்தான் அங்குலம், ஆனாலும் பரப்பு நான்கு மடங்கு. எஃப் எண் சிறிதானால் துளை பெரிது: எஃப்1.8 துளை, எஃப்4.5 ஐவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

லென்ஸின் மி.மீ. எண் சிறிதானால் அகலமாகப் பிடிக்கும், பெரிதானால் தூரத்தில் இருப்பதை அருகே இழுக்கும். இந்த வகையில் கனன் ஜி7எக்ஸ் மார்க் 3 (304 கிராம், 24–100 மி.மீ., எஃப்1.8–2.8) வீட்டு நிகழ்வுகளுக்குத் தோதானது. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 (302 கிராம், 24–200 மி.மீ., எஃப்2.8–4.5) வெளியில் எடுக்க நல்லது, உச்சிவெயிலில் திரை தெரியாதபோது கண்ணை வைத்துப் பார்க்கும் அதன் வியூஃபைண்டர் உதவும். ரிக்கோ ஜிஆர் 3 வெறும் 257 கிராம், சென்சரும் இவற்றைவிடப் பெரிது. ஆனால் சூமும் இல்லை, ஃபிளாஷும் இல்லை. அதன் 28 மி.மீ. லென்ஸைவிட 24 இல்தான் சின்ன விறாந்தையில் பதினைந்து பேர் அடங்குவார்கள். 24 இல் ஓரத்தில் நிற்பவர் அகன்று தெரிவார். மாமியை நடுவில் விடுங்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும். சட்டைப்பையும் போச்சு, வேட்டியிலும் பை இல்லை. தோளில் மாட்டும் சின்னப் பை கொண்டுபோங்கள். கோவிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். தேரை வெளிவீதியில் எடுக்கலாம். இராணுவ முகாம், சோதனைச்சாவடிப் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

இந்தக் கமராக்களைக் கெடுப்பது பெரும்பாலும் தூசிதான். லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காற்றோடு செம்மண்ணையும் கடற்கரை மணலையும் உள்ளே இழுக்கும். மணல் பட்டால் மீண்டும் மீண்டும் போட்டு நிறுத்தாமல், ஊதுகுமிழால் ஊதி, மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். துணியால் தேய்த்தால் கீறும். குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகும்போது உப்புத்தண்ணீர் தெறிக்கும். இறங்கும்வரை சிப் (zip) வைத்த பிளாஸ்ரிக் பையில் இருக்கட்டும். ஏசி போட்ட வான் வண்டியிலிருந்து இறங்கும்போதும் அதே பைதான். அரை மணி நேரம் மூடியபடி வெளிச்சூட்டுக்குப் பழகினால் லென்ஸில் நீர் படியாது.

கனனில் ஒரு பற்றரிக்கு 235 படம், சோனியில் 260 என்பது நிறுவனக் கணக்கு. வீடியோ எடுத்தால் சீக்கிரம் இறங்கிவிடும், மேலதிகமாக இரண்டு வேண்டும். விமானத்தில் அவற்றை முனைகளை மூடிக் கைப்பையில்தான் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது. கனனை யூஎஸ்பியில் ஏற்றப் 'பிடி' (PD, பவர் டெலிவரி) வகைச் சார்ஜர் தேவை. இலங்கையில் 230 வோல்ற். பிரித்தானியச் சதுர முள் பிளக் பல வீடுகளில் பொருந்தும், பழைய வீடுகளில் உருண்டை முள். 64 ஜிபி அட்டையில் 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) 4கே வீடியோ ஏறத்தாழ 85 நிமிடம் பிடிக்கும். யூ3 (U3) என்ற வேகக் குறி உள்ள அட்டையாக வாங்குங்கள்.

பழைய அல்பங்களைப் படமெடுக்கவும் இதே கமரா போதும். ஃபிளாஷை நிறுத்தி, மேல்விளக்கை அணைத்து, அல்பத்தை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். சூமை 50 மி.மீ. அளவில் வைத்து நேர் மேலிருந்து எடுத்தால் விளிம்பு வளையாது. ஒட்டிப்பிடித்த படத்தை உரிக்காதீர்கள், கிழிந்துவிடும். அம்மம்மா ஒவ்வொருவரையும் விரலால் காட்டிப் பேர் சொல்லும்போது வீடியோவை ஓடவிடுங்கள்.