ஜப்தி ஆலையை இணைய ஏலத்தில் எடுப்பவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

விசைத்தறிக் கூடம், லேத் பட்டறை, அரிசி ஆலை என வங்கிக் கடனில் முழுகிய தொழிற்கூடங்கள் வாரந்தோறும் இணைய ஏலத்துக்கு வருகின்றன. பொதுத்துறை வங்கிகளின் சொத்துகள் பேங்க்நெட் தளத்தில் ஒரே இடத்தில் கிடைப்பதால், ஏல அறிவிப்பையே பார்த்திராதவர்கள்கூட இப்போது கைப்பேசியிலிருந்து ஏலம் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் முன்பு ஏலம் எடுத்தவர்கள் விழுந்த அதே பள்ளத்தில், அதே வரிசையில் இவர்களும் விழுவதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

இடத்தை நேரில் பாருங்கள், வில்லங்கச் சான்று எடுங்கள், ஆவேசத்தில் விலையை ஏற்றாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அது யாருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் தவறவிடுகிற சில விஷயங்கள் மட்டும் கீழே.

கால் பங்கைக் கட்டிவிட்டுக் கடனைத் தேடுவது

எல்லாவற்றிலும் பணத்தை அதிகம் தின்பது இதுதான். வீட்டுக் கடன் வாங்கிய பழக்கத்தில், "முதலில் ஏலம் நம் பெயரில் முடியட்டும், மீதிக்கு வங்கியில் பேசிக்கொள்ளலாம்" என்று இறங்கிவிடுகிறார்கள். வாராக் கடனுக்காக அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் நடக்கும் ஏலத்தில் அப்படிப் பேசிக்கொள்ள நேரமே இருக்காது.

ஒரு கணக்கு போடுவோம். ரிசர்வ் விலை, அதாவது வங்கி வைக்கும் குறைந்தபட்ச விலை, 1.80 கோடி. ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் முன்வைப்புத் தொகை பெரும்பாலும் அதில் 10 சதவீதம், அதாவது 18 லட்சம். ஏலம் உங்களுக்கு 2 கோடியில் முடிகிறது. கேட்ட விலையில் 25 சதவீதம், 50 லட்சம், அன்றைக்கோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ கட்டியாக வேண்டும். முன்வைப்புத் தொகை இதில் கழியும் என்பதால் 32 லட்சம் உடனே வேண்டும். விற்பனை உறுதி செய்யப்பட்ட நாளிலிருந்து 15ஆம் நாளுக்குள் மீதி 1.50 கோடி. ஏலம் முடிந்த நாளிலிருந்து அல்ல, பணம் கட்டிய நாளிலிருந்தும் அல்ல. உறுதிக் கடிதத்தில் உள்ள தேதிதான் கணக்கு. நடுவில் வரும் ஞாயிறும் பண்டிகையும் அந்த 15 நாளில் அடக்கம்.

இந்த 15 நாளில் ஏன் கடன் வராது? கடன் கொடுக்கும் வங்கி வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் கேட்கும். வக்கீல் மூலப் பத்திரங்களைக் கேட்பார். அவை ஏலம் விட்ட வங்கியின் பெட்டகத்தில் இருக்கின்றன. மதிப்பீட்டாளர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பார். கட்டடம் இன்னும் கடன்காரர், அதாவது கடன் வாங்கிய பழைய முதலாளி, கையில் இருந்தால் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். இதையெல்லாம் தாண்டினாலும் கடைசி முடிச்சு ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரில் விற்பனைச் சான்றிதழ் இருந்தால்தான் கடன் கொடுப்போம் என்பார்கள் இங்கே. முழுப் பணமும் வந்தால்தான் சான்றிதழ் என்பார்கள் அங்கே.

நாள் தப்பினால் என்ன ஆகும் என்பதில்தான் பலருக்கு வீண் நம்பிக்கை. "ஏதோ கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்" என்று நினைக்கிறார்கள். சர்ஃபேசி சட்டத்தின் விதி 9(5) அப்படிச் சொல்லவில்லை. கட்டிய தொகை பறிமுதலாகும். சொத்து மறு ஏலத்துக்குப் போகும். அதில் எவ்வளவு கிடைத்தாலும் உங்களுக்கு ஒரு பைசா பாத்தியதை இல்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொன்ன வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். 12.27 கோடிக்கு ஏலம் எடுத்தவர் 25 சதவீதமாக 3 கோடிக்கு மேல் கட்டியிருந்தார். எதிர்பார்த்த கடன் நேரத்துக்கு வரவில்லை. ஒரு சிறு பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று கீழே தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, முழுத் தொகையும் பறிமுதல்தான் என்றது. வங்கிக்கு உண்மையில் எவ்வளவு நட்டம் என்று பார்க்கும் ஒப்பந்தச் சட்டப் பிரிவுகள் இங்கே பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். அதே சொத்தை வங்கி பிறகு கூடுதல் விலைக்கு விற்றிருந்தது. அப்படியிருந்தும் பலன் இல்லை.

கெடு நீட்டிப்பு உண்டு. ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும், எப்படிப் பார்த்தாலும் 3 மாதத்தைத் தாண்டக் கூடாது. "பார்த்துக்கலாம் சார், அனுப்புங்க" என்று அதிகாரி தொலைபேசியில் சொன்னது நீட்டிப்பு ஆகாது. மின்னஞ்சல் கிடைத்தது என்ற பதிலும் நீட்டிப்பு ஆகாது. 15ஆம் நாளுக்கு முன்பே காரணத்தோடு கடிதம் கொடுத்து, இன்ன தேதி வரை என்று தேதி போட்டு, ஏலத்தை நடத்தும் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அலுவலர் கையெழுத்திட்ட பதிலை வாங்குங்கள். கடிதத்தோடு ஒரு பகுதிப் பணத்தையும் கட்டினால் கேட்பதற்கு ஒரு முகம் இருக்கும்.

சரியான வரிசை இதற்கு நேர் எதிர். ஏல அறிவிப்பு வந்தவுடன், கேட்பதற்கு முன்பே, மூன்று வேலைகளை முடியுங்கள். மூலப் பத்திரங்களின் நகலை ஏலம் விடும் வங்கியிடம் எழுதிக் கேட்டு வாங்கி, உங்கள் வங்கியின் பேனல் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். இன்ன தொகை வரை தரத் தயார் என்று உங்கள் வங்கியிடமிருந்து கொள்கை அளவிலான ஒப்புதலை வாங்குங்கள். மூன்றாவதுதான் யாரும் செய்யாதது: கடன் தொகை நேராக ஏலம் விட்ட வங்கிக்குப் போகும், அதன் பிறகு விற்பனைச் சான்றிதழும் அசல் பத்திரங்களும் நேராகக் கடன் கொடுக்கும் வங்கியின் கைக்கு வரும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் கடிதம். மேலே சொன்ன கடைசி முடிச்சு அவிழ்வது இந்தக் காகிதத்தால்தான். ஏலம் விடும் வங்கியிடமே கடன் கேட்டாலும் தப்பில்லை. பத்திரம் அவர்களிடமே இருக்கிறது, பாதி வேலை மிச்சம். இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லையா? முழுப் பணமும் உங்கள் கணக்கில் இருந்தாலொழிய அந்த ஏலத்தை விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் வேறொன்று வரும்.

டி.டி.எஸ்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை வருமான வரியாகக் கடன்காரரின் பான் எண்ணில் நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும். மேலே சொன்ன 2 கோடிக் கணக்கில் முழுத் தொகையையும் வங்கிக்கு அனுப்பிவிட்டால் அந்த 2 லட்சம் உங்கள் கையைக் கடிக்கும்.

தொழிலையே வாங்கிவிட்டதாக நினைப்பது

அறிவிப்பின் சொத்து விவரத்தை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அதில் இருப்பது நிலமும் கட்டடமும் மட்டுமே. உள்ளே ஓடிக்கொண்டிருந்த தறியும் பாய்லரும் வேறொரு வங்கியின் அடமானத்தில் இருக்கலாம், தனி லாட்டாக வேறு நாளில் ஏலம் போகலாம். இயந்திரமும் சேர்த்துத்தான் என்றால் வரிசை எண், தயாரிப்பு ஆண்டு, மோட்டாரின் குதிரைத்திறன் எல்லாம் உள்ள பட்டியலைக் கேளுங்கள். இயந்திரத்துக்கு ஜி.எஸ்.டி. கேட்ட விலைக்குள் அடக்கமா, தனியா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

பெயர், வர்த்தக முத்திரை, வாடிக்கையாளர் பட்டியல், ஜி.எஸ்.டி. பதிவு எதுவும் கூடவே வராது. தொழிற்சாலை உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, உணவுத் தொழில் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம் என எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரில் புதிதாக அலைய வேண்டும். சாயப்பட்டறை மாதிரி இடங்களில் இசைவு கிடைக்குமா என்பதே பெரிய கேள்வி. அதற்கு விடை தெரியாமல் கேட்கும் விலை, வெறும் மனைக்குக் கேட்கும் விலையாகத்தான் இருக்க வேண்டும்.

சிப்காட் வளாகத்து மனை என்றால் நீங்கள் எடுப்பது நிலத்தை அல்ல, 99 ஆண்டுக் குத்தகையில் மிச்சமுள்ள காலத்தை. பெயர் மாற்றத்துக்கு சிப்காட்டின் ஒப்புதலும் கட்டணமும் தனி.

கரண்ட் பாக்கி

"அது பழைய முதலாளியின் கடன், நமக்கென்ன" என்பார்கள். உள்ளது உள்ளபடி விற்கிறோம் என்ற நிபந்தனைக்குள்தான் இதுவும் ஒளிந்திருக்கிறது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதையும் தீர்த்துவிட்டது. பழைய பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று விதிகள் சொன்னால், அந்த நிபந்தனை ஏலத்தில் வாங்கியவரையும் கட்டுப்படுத்தும்.

வில்லங்கச் சான்றில் இது வராது. கட்டடத்தின் மின் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, தாழ்வழுத்தம் என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும், உயரழுத்தம் என்றால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்திலும் விசாரியுங்கள். ஒரு கூடத்தில் இரண்டு மூன்று இணைப்புகள் இருக்கும், ஒவ்வொன்றையும் கேளுங்கள். ஆலை மூடிய அன்றைய பில்லோடு கணக்கு நிற்காது. தாமதக் கட்டணமும், ஒப்பந்தம் முறியும் வரையிலான நிலைக் கட்டணமும் சேர்ந்திருக்கும். உயரழுத்த இணைப்பில் இது லட்சக்கணக்கில் போகும். சொத்து வரி, குடிநீர், தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிப் பாக்கிகளையும் இதே சுற்றில் விசாரித்துவிடுங்கள். கிடைத்த கூட்டுத்தொகையை நீங்கள் கேட்க நினைத்த உச்ச விலையிலிருந்து கழித்துவிட்டு ஏலத்தில் உட்காருங்கள்.

அடையாள சுவாதீனம் என்ற இரண்டு சொற்கள்

அறிவிப்பில் சுவாதீனத்தின் வகை எழுதியிருக்கும். நேரடி சுவாதீனம் என்றால் சாவி வங்கியிடம். அடையாள சுவாதீனம் என்றால் வங்கி சுவரில் நோட்டீஸ் மட்டுமே ஒட்டியிருக்கிறது. உள்ளே கடன்காரரோ வாடகைக்காரரோ இருக்கிறார். அவரை வெளியேற்ற மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி உத்தரவு வாங்க வேண்டும். சட்டத்தில் இதற்கு 30 நாள், அதிகபட்சம் 60 நாள். நடைமுறையில் அந்தக் கணக்கை நம்பி இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கடன் வசூல் தீர்ப்பாயத்தில் கடன்காரர் வழக்குப் போட்டிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். சென்னையில் மூன்று, கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்று என்று தீர்ப்பாயங்கள் உள்ளன. அவற்றின் தளத்தில் கடன்காரர் பெயரைப் போட்டுத் தேடலாம்.

கடைசி நிமிடத்துக்குக் காத்திருப்பது

பயனில்லை. கடைசி சில நிமிடங்களில் ஒருவர் கேட்டால் நேரம் தானாக நீளும்.

பழைய பெயரில் விளம்பரம் செய்வது

சுவாதீனம் வந்த வாரமே பழைய பெயர்ப் பலகைக்கு வண்ணம் அடித்துவிட்டு, "அதே இடம், அதே தரம்" என்று நோட்டீஸ் போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெயர் அடமானத்தில் இல்லை, ஆகவே உங்களுக்கு விற்கப்படவும் இல்லை. பழைய முதலாளி வேறிடத்தில் அதே பெயரில் தொழில் நடத்தினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதைவிட மோசம், பழைய நிறுவனம் பணம் பாக்கி வைத்த நூல் வியாபாரியும் லாரிக்காரரும் உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

புதுப் பெயரில் தொடங்குங்கள். இடத்தின் பழக்கத்தைப் பயன்படுத்த நேர்மையான வழி இருக்கிறது: முகவரிக்குக் கீழே "முன்பு இன்ன ஆலை இயங்கிய வளாகம், இப்போது புதிய நிர்வாகம்" என்று ஒரு வரி போதும். பழைய ஃபிட்டரையும் சூப்பர்வைசரையும் வேலைக்கு எடுத்தால் வாடிக்கையாளரில் பாதிப் பேர் அவர்கள் மூலமே விசாரித்து வருவார்கள். அவர்களது பழைய சம்பளப் பாக்கியைப் பற்றி முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். புதிய நியமனக் கடிதத்தில் புதிய சேர்க்கை தேதியைப் போடுங்கள்.

கூகுள் வரைபடத்தில் பழைய நிறுவனத்தின் பதிவு அதே இடத்தில் குத்திக்கொண்டு நிற்கும். அதைக் கைப்பற்றிப் பெயரை மட்டும் மாற்றினால் பழைய ஒற்றை நட்சத்திர விமர்சனங்களும் உங்களுக்கே வந்து சேரும். பழைய பதிவு நிரந்தரமாக மூடப்பட்டது என்று திருத்தம் அனுப்பிவிட்டு, புதுப் பெயரில் தனிப் பதிவு தொடங்குங்கள். இந்தியாமார்ட் போன்ற தளங்களிலும் இதே முகவரியைத் தேடிப் பாருங்கள். அங்கே பழைய முதலாளியின் கைப்பேசி எண் இன்னும் இருந்தால், உங்கள் ஆலையைத் தேடி வரும் விசாரணை அழைப்பு அவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.