தாப்பாவ் ரப்பர் பேண்டில் ஒரு ஸீரோ பாயிண்ட் கயிறு

"ஃபோனைக் கீழே வை" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். வைத்துவிட்டுப் பிள்ளை என்ன செய்வான் என்று நான் யோசிக்கவே இல்லை. ஜூன் விடுமுறையில் ஒருநாள் சமையலறை இழுப்பறையைத் துழாவியபோது, தாப்பாவ் (கடையில் வாங்கிவரும் சாப்பாட்டு) பொட்டலங்களிலிருந்து சேர்ந்த ரப்பர் பேண்டுகள் ஒரு டப்பா நிறையக் கிடைத்தன. அதில்தான் ஸீரோ பாயிண்ட் என்னும் கயிறு தாண்டும் ஆட்டத்தைத் தொடங்கினோம்.

7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை போக, திரை நேரம் ஒரு நாளைக்கு 2 மணிக்கும் குறைவாக இருக்கட்டும் என்கிறது 2025இல் வந்த சிங்கப்பூர் சுகாதார அமைச்சின் வழிகாட்டி. கண் மருத்துவர்களோ கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட, பகல் வெளிச்சத்தில் வெளியே விடுங்கள் என்கிறார்கள். நல்லவேளை, இங்கே மாலை ஏழு வரை வெளிச்சம் இருக்கிறது.

முதலில் கயிறு. சுமார் 120 பேண்டு வேண்டும். ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள்; வெடிப்பு தெரிந்தால் குப்பைக்கு. இரண்டு பேண்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வேறு இரண்டை அவற்றின் வளையத்துக்குள் பாதிவரை நுழையுங்கள். நுழைத்ததன் ஒரு முனையை மறு முனைக்குள் விட்டு இழுத்தால் முடிச்சு இறுகிவிடும். இப்படியே மூன்று மீட்டர் வரும்வரை. ஒற்றைப் பேண்டில் பின்னாதீர்கள். அவசரத்தில் நான் அப்படித்தான் பின்னினேன். மூன்றாவது குதிப்பில் அறுந்து மகனின் கன்னத்தில் சுளீரென்று அடித்தது.

பின்னும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். என் மகன் முதல் இருபது முடிச்சில் முனகினான், அப்புறம் பேச்சே இல்லை. ஃபோன் மேசையில் கிடந்தது, அதை நான் ஒளித்துக்கூட வைக்கவில்லை.

அடுத்து ஆட்டம். இரண்டு பேர் கயிற்றைப் பிடிக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்ட வேண்டும். தரையில் தொடங்கி, கணுக்கால், முட்டி, இடுப்பு, மார்பு, தோள், தலை என்று உயரம் ஏறும். கீழ் உயரங்களில் கயிற்றைத் தொட்டால் அவுட். இடுப்புக்கு மேலே காலால் கயிற்றைக் கொக்கிபோட்டு இழுத்துத் தாண்டலாம் என்பது எங்கள் புளோக் விதி. இதை எங்களுக்குச் சொன்னவர் எதிர்வீட்டு ஆ மா (சீனப் பாட்டி). நான் முட்டியிலேயே கொக்கிபோட்டதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

மழைக்காலத்துக்கு ஐந்து கல். பெயர்தான் கல், கையில் இருப்பது துணிப்பொட்டலம். பழைய துணியில் 5 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு ஐந்து வெட்டுங்கள். ஒன்றை நடுவில் மடித்து, மடிப்புக்கு அடுத்தடுத்த இரு பக்கமும் தைத்து, உள்ளே ஒரு தேக்கரண்டி பச்சைப்பயறு போடுங்கள். இப்போது கவனம்: திறந்த வாயை அப்படியே தைக்காமல், இரண்டு தையல்களும் ஒன்றையொன்று தொடும்படி குறுக்கே பிடித்துத் தையுங்கள். கூம்பு வடிவம் தானாக வந்துவிடும். தாத்தா பாட்டி காலத்தில் சிவப்புச் சாகா மர விதை (மஞ்சாடி) போட்டார்கள். எனக்குப் பயறே போதும், கிழிந்தாலும் கூட்டி அள்ளிவிடலாம். மூன்று வயதுக்குள் பிள்ளை இருந்தால் எட்டாமல் வையுங்கள்.

அடுக்கிவைத்துப் பந்தால் அடித்துச் சரிக்கும் ஏழாங்கல்லுக்குக் கல் தேடி அலைய வேண்டாம், ஏழு பாட்டில் மூடி, ஒரு பழைய பள்ளிக் காலுறைப் பந்து, அவ்வளவுதான். ஆனால் பல வாய்ட் டெக்குகளில் (புளோக்கின் திறந்த கீழ்த்தளங்களில்) பந்தாட்டத் தடைப் பலகை இருக்கும். அதனால் இதைத் திடலுக்கு எடுத்துப் போங்கள். லோங்காங் (பெரிய சாக்கடை) பக்கம் வேண்டவே வேண்டாம், எங்கள் முதல் பந்து அங்கேதான் போனது.

ஆடி முடித்ததும் கயிற்றை வெயிலில் போட்டுவிடாதீர்கள், ரப்பர் பிசுபிசுத்துவிடும். நாங்கள் துணிப்பையில் போட்டு, செருப்பு அலமாரி மேலே மாட்டியிருக்கிறோம். மாலை வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் கையில் படுவது அதுதான்.